எங்கள் பக்கம் ஒன்றுமில்லை

ஆஸ்பத்திரியில் ‘ஒப்பீனியன்’, அதாவது வேறு துறை டாக்டரின் கருத்து வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். கேட்டு அனுப்பியவர் முகத்தில் பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி. போய்ப் பார்த்து எழுத வேண்டியவர் முகத்தில், விருந்தாளி வந்து உட்கார்ந்த நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது போல ஓர் எரிச்சல். இந்த இரண்டு முகமும் எனக்கு இருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் சீக்கிரமே முளைத்துவிடும், கவலைப்படாதீர்கள்.

பாதிக் காலம் திண்டிவனத்தில் வேலை பார்த்தேன். பொது மருத்துவத்துக்கு நான் ஒருத்திதான். நெஞ்சு, மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் சந்தேகம் வந்தால் விழுப்புரத்துக்குப் போன் போட்டுக் கேட்பேன். ஒருமுறை எதிர்முனையில் ஒரு குரல், “இதுக்கெல்லாமா மேடம் போன் பண்ணுவீங்க?” என்றது. யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போனை எடுக்கும்போதும் கை ஒரு நிமிடம் தயங்கும். ஒருவர் கேட்பதைக் கேலி செய்தால் அவர் தேவையில்லாததைக் கேட்பதை நிறுத்த மாட்டார். தேவையானதையும் சேர்த்தே நிறுத்திவிடுவார். உங்களில் யாராவது அந்தக் குரலாக மாறுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன்.

மீதிக் காலம் விழுப்புரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே நான் பதில் எழுதும் நாற்காலிக்கு மாறிவிட்டேன். ‘தேவையற்ற ஒப்பீனியன்களைக் குறைப்பது எப்படி’ என்று ஒருநாள் கூட்டம் போட்டார்கள். சர்ஜரிக்காரர்கள் மெடிசினைக் குறை சொன்னார்கள், மெடிசின்காரர்கள் எலும்பு வார்டைச் சொன்னார்கள், இதய டாக்டர் எல்லோரையும் சொன்னார். தான் அனுப்பியதில் ஒன்றாவது தேவையற்றது என்று சொன்ன ஆள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைந்தோம்.

நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டம் முடிந்த சில நாட்களில் நடந்தது.

மேல்சித்தாமூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள், களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, கூர்மையான கண். சர்க்கரை நோய் உண்டு. வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவரை ஆபரேஷனுக்காக இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வயதில் இடுப்பு எலும்பைச் சீக்கிரம் பொருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சில் சளி, அப்புறம் ஒருநாள் வீட்டு வாசலில் பந்தல்.

ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு விடிகாலையில் அந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். குளுக்கோஸ் ஏற்றினால் கண்ணைத் திறந்து, “இன்னா எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?” என்பார். இன்சுலினைக் குறைத்தார்கள். பகலில் சர்க்கரை ஏறியது, விடிகாலையில் மறுபடி இறங்கியது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், ஒரு கறாரான பெண்மணி, “காரணம் தெரியாம நான் மேஜையில ஏத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வார்டில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் இந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டான். பையன் என்றால் டாக்டர்தான், நாகர்கோவில் பக்கத்துக்காரன், எங்கள் ஊருக்குப் புதிது. அவன் ஒவ்வொரு துறைக்கும் ஒப்பீனியன் கேட்டு எழுதினான். சிறுநீரக டாக்டர் வந்து பார்த்து, ‘எங்கள் பக்கம் ஒன்றுமில்லை’ என்று எழுதினார். இதய டாக்டர் வந்தார், அவர் பக்கமும் ஒன்றுமில்லை. வயிற்று டாக்டரும் அப்படியே. எங்கள் துறைக்கே மூன்று தடவை எழுதியிருந்தான். நான்காவது தடவை கேஸ் ஷீட் வந்தபோது என் உதவி டாக்டர் சிரித்துவிட்டான்.

“மேடம், இவனுக்கு ஆர்த்தோவுல ஒப்பீனியன் ராஜான்னு பேரு. எலும்பைத் தாண்டி உடம்புல வேற எது இருந்தாலும் பயப்படுறான். ‘ஏற்கெனவே சொன்னதைப் பார்க்கவும்’னு எழுதி அனுப்பிடட்டுமா?”

“வேணாம், நானே போறேன். நேர்ல ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரேன்” என்றேன். என்ன இரண்டு வார்த்தை என்று படியேறும்போதே கோத்து வைத்துக்கொண்டேன். எனக்கு மூட்டுவலி. மூன்றாவது மாடி. லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. என் கோபம் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வார்டு வாசலில் எனக்கு முன்னாலேயே வேறொருவர் கோபத்தில் நின்றார். அந்த அம்மாளின் மகன். வயலிலிருந்து அப்படியே வந்தவர் போல மடித்துக் கட்டிய வேட்டி. பையனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு டாக்டரா வர்றாங்க. பாக்கறாங்க. எங்க பக்கம் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போறாங்க. யாரு பக்கமும் ஒண்ணுமில்லன்னா எங்கம்மா இன்னாத்துக்கு சார் சில்லுன்னு பூடுது? நாளைக்கு வண்டி சொல்லிட்டேன். இட்டுக்கினு போய் நாட்டுக்கட்டு போட்டுக்கிறோம். ஆனது ஆவட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. அதைவிடச் சரியாக எங்கள் தொழிலை யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்துத் திரும்பினேன். கோத்து வைத்திருந்ததைப் பாதி மறந்துவிட்டேன், பாதியை எடுத்து விட்டேன்.

“உன் கேள்வி என்னப்பா?”

“இடுப்பு எலும்பு முறிவு மேடம், சர்க்கரை நோய், அடிக்கடி சர்க்கரை இறங்குது, தங்கள் மேலான கருத்தை...”

“அது கதை. நான் கேட்டது கேள்வி. எங்கிட்டேருந்து உனக்கு என்ன தெரியணும்?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வார்டின் கோடியில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் அவனை அழைத்துப் போனேன். கேஸ் ஷீட்டை என் கையில் வாங்கி மூடினேன். “இதுல எழுத முடியாததைச் சொல்லு” என்றேன்.

“மேடம், அவங்க ராத்திரி சாப்பிடுறதே இல்ல. தட்டை வாங்கி, பக்கத்துக் கட்டில்காரங்களுக்குக் கொடுத்துடுறாங்க. காலித் தட்டு திரும்பிப் போகுது, சாப்பிட்டதா நர்ஸ் எழுதுறாங்க. நான் பாத்துட்டேன். தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. குடிங்கம்மான்னா, வேணாம் தம்பிங்கிறாங்க. அவங்க ஜைனர்னு மகன் சொன்னார். நான் போன்ல படிச்சேன். ஒவ்வொரு வேளையா சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே வந்து உயிரை விடுற நோன்பு இருக்காமே. இவங்க... சாகணும்னு முடிவு பண்ணிட்டாங்களோன்னு பயமா இருக்கு மேடம்.”

“இதை ஏன் எழுதல?”

“எழுதினா மனநல டாக்டர், அப்புறம் போலீஸ்னு ஆயிடும். ஆபரேஷன் அதோட போச்சு. அவங்க குடும்பத்துக்கு எவ்வளவு அசிங்கம். என் ஊகம் தப்பா இருந்தா? அதான் வேற யாராவது டாக்டர் வந்து பாத்தா அவங்களாவே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு...”

பாருங்கள். அத்தனை கடிதத்திலும் அவன் கேட்டது ஒரே கேள்வியைத்தான். அதை மட்டும் எழுதவில்லை. சிறுநீரகத்திடம் சிறுநீரகத்தைக் கேட்டான், அவர் சிறுநீரகத்தைப் பார்த்துச் சரியான பதிலைச் சொன்னார். இதயத்திடம் இதயத்தைக் கேட்டான். யாரும் தப்புச் செய்யவில்லை. எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, வந்துபோனவர்கள்மேலும் பாவமாக இருந்தது. புறநோயாளிக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வருகிறவர், நோயாளியின் தட்டு எங்கே போகிறது என்று எப்படிப் பார்ப்பார்?

எனக்கு அந்த இடத்திலேயே ஒன்று தோன்றியது. நான் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கோலியனூர்க்காரி. எங்களோடு படித்த நயினார் வீட்டுப் பெண் ஒருத்தி, அவளும் ஜைனர்தான், பொழுது சாய்வதற்குள் டிபனை முடித்துவிட்டு, நாங்கள் தட்டோடு போகும்போது கை கழுவிக்கொண்டு வருவாள். இங்கேயும் அதுவாகத்தான் இருக்கும் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் அவனுடையது ஓர் ஊகம் என்றால் என்னுடையதும் ஊகம்தான். என் ஊகம் கொஞ்சம் மூத்தது, அவ்வளவுதான். இடுப்பு ஒடிந்து வலியில் கிடக்கும் வயதான பெண்ணுக்குச் சாகத் தோன்றாது என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? அப்படித் தோன்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கோ எனக்கும் நடுக்கம். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்து நான் என்ன செய்வேன்?

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையனையும் நிற்கச் சொன்னேன்.

“அம்மா, ராத்திரி நீங்க சாப்பிடறதில்லயாமே?”

“ஆமா.”

“ஏம்மா?”

அவர் பையனைப் பார்த்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. “இந்தத் தம்பி பயந்துக்கினு இருக்கான். நீங்க உயிரை விடணும்னு நோன்பு எடுத்துட்டீங்களோன்னு. அப்படி ஏதாவது மனசுல இருக்கா? இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன்.”

அந்த அம்மாள் கண்ணை அகல விரித்தார். எழுந்து உட்கார முடிந்திருந்தால் உட்கார்ந்திருப்பார்.

“ஏம்மா, சாவறதுக்கு யாராவது ஆம்புலன்ஸ் புடிச்சு விழுப்புரத்துக்கு வருவாங்களா? எங்க ஊர்ல எடமா இல்ல?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே கோபம்.

“அது எம்மாம் பெரிய நோன்பு தெரியுமா? சாமியாருங்க கிட்ட உத்தரவு கேக்கணும். ஊட்டுல எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கினு, மனசு தெளிஞ்சு எடுக்கறது அது. எனக்கும் ஒரு நாளைக்கு அந்தக் குடுப்பினை இருந்தா நல்லதுதான். அதுக்குன்னு இடுப்பு ஒடிஞ்சு, கண்டவங்க ஊசி குத்தறப்ப, சோத்தத் தள்ளிக்கினு எடுப்பாங்களா? நான் நடக்கணும். சித்தாமூர் தேருக்கு நடந்து போய் வடத்தத் தொடணும். அதுக்குத்தான் இங்க வந்து படுத்துக்கினு இருக்கேன்.”

“அப்ப ராத்திரி ஏன் சாப்பிடல?”

“பொழுது பூட்டா நாங்க துன்றதில்ல. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இங்க தட்டு வர்றப்ப லைட்டு போட்டுடறாங்க.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“இன்னான்னு சொல்றது? எனக்குன்னு தனியா அடுப்பு பத்த வைப்பாங்களா? ஏற்கெனவே தூக்கி உக்கார வைக்கிறது, தொடச்சி விடறதுன்னு எல்லாருக்கும் என்னால பேஜாரு. ஒரு வேளை துன்னாட்டா இன்னா ஆயிடப் போவுது? யாரும் கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன்.”

விஷயம் அவ்வளவுதான். மார்கழி மாதம், சீக்கிரம் இருட்டிவிடும். பொழுது சாயும் நேரத்தில் நர்ஸ் சுற்றி வந்து இன்சுலின் போட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு வண்டி வரும். ஊசி உள்ளே போய்விட்டது, சோறு போகவில்லை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? வீட்டில் அவர் வெளிச்சத்திலேயே மாத்திரையைப் போட்டு, வெளிச்சத்திலேயே சாப்பிட்டு வந்ததால் இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை.

நான் பையனைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளுக்கே மனது கேட்கவில்லை. “எனக்காவ பயந்தியா கண்ணு?” என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மகனிடம் போனேன். காரணம் கிடைத்துவிட்டது, நாளைக்கு வண்டி வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்றால் உடனே நம்பிவிடுவாரா? “இதையே மொத நாளே கேட்டிருக்கலாமே டாக்டரம்மா” என்றார். “கேட்டிருக்கலாம்” என்றேன். அவர், “இன்னும் ஒரு தபா பாக்கறேன். அதுக்கப்புறம் நிக்க மாட்டேன்” என்றார். சமையலறையில் இட்லி மாலைக்கு முன்பே வெந்துவிடுகிறது, மூன்றாவது மாடிக்குச் சாப்பாட்டு வண்டி கடைசியாக வருவதுதான் தாமதம் என்று வார்டு சிஸ்டர் சொன்னார். ஒரு தட்டை முன்கூட்டியே எடுத்துவர ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார். முதலில் ஊசி, வெளிச்சம் இருக்கும்போதே இட்லி. மறுநாள் விடிகாலையில் சர்க்கரை இறங்கவில்லை. அதற்கு அடுத்த விடிகாலையிலும் இறங்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “இப்ப சரி” என்றார்.

தேவையான ஒப்பீனியன் எது, தேவையற்றது எது என்று என்னைக் கேட்டால், எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்லத் தெரியவில்லை என்பேன். அவன் எழுதிய கடிதங்களை எந்தக் கமிட்டியில் வைத்தாலும் தேவையற்றவை என்றே முத்திரை குத்துவார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளின் தட்டைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான். ஒரே வார்டிலிருந்து ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு வந்தால், அவன் முட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நாம் சொன்ன பதில் அவனுடைய பயத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போய் உட்கார்ந்து, உனக்கு என்ன தெரியணும் என்று கேளுங்கள். கேட்கும் நாற்காலியில் நீங்கள் இருந்தால், மேலான கருத்தெல்லாம் கேட்காதீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எதுவோ அதைக் கேளுங்கள். எழுத முடியாதென்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும், தெரியட்டும். மூன்று மாடி ஏறுகிற எங்கள் மூட்டுக்கும் ஒரு மரியாதை கிடைக்கும்.

ஆபரேஷன் அன்று எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு மேலே போனேன். முதல் கேஸாக வைத்திருந்ததை, விபத்தில் வந்த ஒருவருக்காகத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாளை வெளியே கொண்டு வந்தபோது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. முதுகில் மட்டும் மயக்க ஊசி போட்டிருந்ததால் நன்றாக விழித்திருந்தார். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பையன் ஜன்னலையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் வழியாக எதையும் எப்போது கொடுக்கலாம் என்று அனுமதிக்க வேண்டியவர் மயக்க மருந்து டாக்டர். அவர் அடுத்த ஆபரேஷனுக்குள் போய்விட்டார். காலையிலிருந்து வெறும் வயிறு. இருட்டிவிட்டால் மறுநாள் காலைவரை இவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தொட மாட்டார்.

அவன் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டான்.

“மேடம், ஆர்த்தோ வார்டு. இடுப்பு ஆபரேஷன் அம்மா. வாந்தி இல்ல, நல்லாப் பேசுறாங்க. பொழுது சாய்ஞ்சிட்டா சாப்பிட மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான் வெளிச்சம் இருக்கு. இப்ப கொடுக்கலாமா?”

எதிர்முனையில் ஏதோ கருவி தட்டும் சத்தம். அப்புறம், “மொதல்ல தண்ணி. அஞ்சு நிமிஷம் பாரு. வாந்தி இல்லன்னா இட்லி குடு” என்றார் அவர்.

இந்தத் தடவை அவன் கேட்டது கதை இல்லை, கேள்வி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் ஜன்னல் திரையை முழுவதும் விலக்கிவிட்டேன். மகன் தலையைத் தாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பையன் தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இட்லியைப் பிட்டு அவனே ஊட்டினான். முதல் இட்லி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. அவர் தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார்.

“வெளிச்சம் இன்னும் இருக்குது தம்பி. ஜல்தியா இன்னொண்ணு கொண்டாரச் சொல்லு.”